நரைத்த பின்னும் ஓயாத முழக்கம்

ஹெவி மெட்டல் ஜாம்பவான்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்று வருகிறார்கள். வரும்போதெல்லாம் அவர்களுக்கு ஆரவார வரவேற்பு கொடுக்கும் மும்பையோ, தன் சொந்தக் கலைஞர்கள் வளர்ந்த மேடையை இழந்து நிற்கிறது.

2008 பிப்ரவரி 1, வெள்ளிக்கிழமை மாலை. பாந்த்ரா - குர்லா வளாக மைதானத்தில் திரண்டிருந்த ஆயிரக்கணக்கானோரில் கறுப்பு டி-ஷர்ட் அணியாதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து சர்ச்சில் உரை ஒலிபெருக்கிகளில் ஒலித்து ஓய்ந்தது. அடுத்த நொடி மூன்று கிதார்கள் ஒன்றாக வெடித்தன. லண்டனின் அயர்ன் மெய்டன் குழு மேடையில் நின்றது. 49 வயதான பாடகர் புரூஸ் டிக்கின்ஸன் இளவட்டம்போல மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். பாடுவது மட்டும் அவர் வேலையல்ல. முறையாக உரிமம் பெற்ற விமானி அவர். குழுவினரையும் சுமார் 12 டன் கருவிகளையும் சுமந்துவந்த போயிங் 757 விமானத்தை ஓட்டியவரும் அவரே.

45 நாட்களில் 23 நிகழ்ச்சிகள் என்ற அந்த உலகச் சுற்றுப்பயணத்தின் முதல் ஊர் மும்பைதான். பயணத்தைப் பற்றி 2009-ல் வெளிவந்த 'ஃப்ளைட் 666' ஆவணப்படத்தின் இசை ஆல்பமும் மும்பை ரசிகர்களின் கூச்சலோடுதான் தொடங்குகிறது. மித்தி ஆற்றுக்கு இந்தக் கரையில் இத்தனை அமர்க்களம். ஆற்றுக்கு அந்தக் கரையில் தாராவி.

அந்த மாலைக்குப் பிறகு சுமார் பதினேழு ஆண்டுகளில் இந்த இசையின் உலகமே மாறிவிட்டது. ஹெவி மெட்டலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட பிளாக் சப்பாத் குழு, 2025 ஜூலை 5 அன்று, தான் பிறந்த பர்மிங்ஹாம் நகரின் வில்லா பார்க் மைதானத்தில் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத பாடகர் ஆஸி ஆஸ்பார்ன், சிம்மாசனம் போன்ற நாற்காலியில் அமர்ந்தபடி பாடினார். பதினேழே நாட்களில் அவர் மறைந்தார். அமெரிக்காவின் ஏரோஸ்மித் குழு 2024-லேயே சுற்றுப்பயணங்களுக்கு முழுக்குப் போட்டுவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், பக்கவாதத்திலிருந்து மீண்டுவந்த அயர்ன் மெய்டன் டிரம்மர் நிக்கோ மெக்பிரெயினும் சுற்றுப்பயண மேடைகளிலிருந்து விலகினார்.

பெரியவர்கள் விடைபெறுவது இயற்கை. அவர்களுக்குப் பின் யார் என்ற கேள்வி எழுவதும் இயற்கையே. மும்பையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திறமைக்குப் பஞ்சமில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம்.

தொழிற்சாலையில் பிறந்த ஓசை

ஹெவி மெட்டலைத் தமிழில் பெயர்த்தால் கன உலோகம். நவிமும்பையின் கோபர்கைரனேவாசிகளுக்கு அந்தச் சொல் இன்னொரு பொருளில்தான் பழக்கம். தானே - பேலாபூர் தொழிற்பேட்டையின் கழிவுநீர், கடல் கழி, பாதரசம், ஈயம் என்று நாளிதழ்ச் செய்திகளில் அடிபடும் கன உலோகம் அது. இசைக்கும் அதே பெயர் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இந்த இசை பிறந்ததும் இதுபோன்ற ஒரு தொழிற்பேட்டையில்தான்.

பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் உலோகத் தகடு ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர் டோனி அயோமி. வயது 17. இசையே இனித் தொழில் என்று முடிவெடுத்து, கடைசி நாளாக வேலைக்குப் போனார். அன்று இயந்திரம் அவரது வலது கையின் இரண்டு விரல் நுனிகளைப் பறித்துக்கொண்டது. அவர் இடது கைப் பழக்கமுள்ளவர். தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலது கை விரல்கள்தான். நொந்துபோய்க் கிடந்தவருக்கு ஆலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கியும் கிதாரை விடாத ஜாஸ் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு அது.

அயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்தார். மேலே பழைய ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய தோலை ஒட்டினார். விரலுக்கு வலிக்காமலிருக்க மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிற்பாடு அவற்றின் இறுக்கத்தையும் தளர்த்தினார். தந்தி தளர்ந்ததும் சுருதி இறங்கியது, ஓசை கனத்தது. 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம். போர், அணுகுண்டு அச்சம், மனச்சோர்வு என்று, காதல் பாட்டுகள் தொடத் தயங்கிய விஷயங்களை அந்தக் குழு கையிலெடுத்தது.

இதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். ஹெவி மெட்டல் கிதாரின் அடிப்படை 'பவர் கார்டு'. அதில் பெரும்பாலும் இரண்டே சுரங்கள்: சட்ஜமமும் பஞ்சமமும். சண்முகானந்தா சபாவில் கச்சேரி தொடங்குமுன் தம்புரா மீட்டும் அதே ச-ப. தம்புரா அதை மெல்ல ரீங்கரிக்கிறது. ராக் கிதாரோ மின்பெருக்கியை அதன் தாங்கும் சக்திக்கு மேல் முடுக்கி அதே சுரங்களைக் கர்ஜிக்க வைக்கிறது. அப்படி முடுக்கும்போது காந்தாரத்தையும் சேர்த்தால் ஓசை குழம்பிவிடும். அதனால்தான் இந்தச் சிக்கனம்.

சத்தத்தைப் பொறுத்தவரை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 1972-ல் லண்டனில் டீப் பர்ப்பிள் நடத்திய நிகழ்ச்சியில் 117 டெசிபல் பதிவானது. உலகிலேயே அதிக சத்தம் எழுப்பும் குழு என்று கின்னஸ் புத்தகம் அவர்களைக் குறித்துக்கொண்டது. ஆனால் திறந்தவெளியில் தவிலும் நாயனமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு சத்தம் தீண்டத்தகாததல்ல. கோபர்கைரனேயில் ஆக்ரி, கோலி சமூகத்தாரின் கணபதி ஊர்வலத்தில் பான்ஜோ பார்ட்டி முழங்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அதை யாரும் அந்நியக் கலாசாரம் என்று சொல்வதில்லை.

பம்பாய் அழைக்கிறது

இந்த இசைக்கும் மும்பைக்கும் உள்ள தொடர்பு பலரும் நினைப்பதைவிடப் பழையது. டீப் பர்ப்பிளின் புகழ்பெற்ற பத்து நிமிடப் பாடல் 'சைல்ட் இன் டைம்' 1970-ல் வெளிவந்தது. அதன் ஆர்கன் மெட்டுக்கு மூலம், 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்ற கலிஃபோர்னியக் குழு அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ஓர் இசைத்துண்டு. அதன் பெயர் 'பாம்பே காலிங்'. கால் நூற்றாண்டு கழித்து, 1995 ஏப்ரல் 8-ம் தேதி, டீப் பர்ப்பிள் நிஜமாகவே பம்பாய்க்கு வந்து வாசித்தது. அந்த நிகழ்ச்சியின் பதிவு பின்னர் வெளியானபோது அதற்கு வைத்த தலைப்பும் அதுவே: 'பாம்பே காலிங்'.

அவர்களுக்கும் முன்பே வந்தவர்கள் உண்டு. 1972-ல் லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாயில் இறங்கி, உள்ளூர்க் கலைஞர்களை வைத்துத் தங்களின் இரண்டு பாடல்களைப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகள் முறைப்படி வெளியானது 2015-ல்தான். அந்தப் பயணத்தில் கொலாபாவின் 'ஸ்லிப் டிஸ்க்' என்ற டிஸ்கோவில் இருவரும் மேடையேறி வாசித்த கதையை நகரத்தின் பழைய ராக் ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். குவீன் குழுவின் ஃப்ரெடி மெர்குரியோ, பள்ளிப் பருவத்தில் மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் படித்த பார்சி மாணவர் ஃபரோக் பல்சாரா. அவரது முதல் இசைக்குழு உருவானது அந்தப் பள்ளி விடுதியில்தான்.

உள்ளூர்க் குழுக்கள் ஆரம்பத்தில் வெளிநாட்டுப் பாட்டுகளைப் பிரதியெடுத்தே காலம் தள்ளின. சிகரெட் கம்பெனி நடத்திய 'சிம்லா பீட்' போட்டியில் வென்றால் புகழ். இல்லையேல் ஹோட்டல் மேடை. அந்த நிலையை மாற்றியது 1984-ல் பம்பாயில் உருவான ராக் மெஷின். சொந்தப் பாட்டுகளை மட்டுமே கொண்ட அவர்களது 'ராக் அன் ரோல் ரெனிகேட்' 1988-ல் வெளிவந்தது. 1993-ல் குழு தன் பெயரை இண்டஸ் கிரீட் என்று மாற்றிக்கொண்டது. 1990-களின் பிற்பகுதியில் கலைந்து, 2010-ல் மீண்டும் கூடி, 2012-ல் புதிய ஆல்பமும் கொடுத்தது. பாடகர் உதய் பெனகல், கிதார் கலைஞர் மகேஷ் டினாய்கர் ஆகியோரின் தலைமுறையைத்தான் இந்திய ராக்கின் மூத்தோர் என்று சொல்ல வேண்டும்.

அவர்களை வளர்த்தது ஒரு மேடை. தோபி தலாவில் செயின்ட் சேவியர் கல்லூரிக்குப் பின்புறம் இருந்த ரங் பவன் திறந்தவெளி அரங்கம். ஃபர்ஹாத் வாடியா 1986-ல் தொடங்கிய 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா, ஆண்டுதோறும் சுதந்திர தினத்தையொட்டி அங்கே நடந்தது. மழை பெய்தாலும் கூட்டம் கலையாது. மாணவர்களின் கைக்காசுக்கு எட்டும் கட்டணம். ரயிலேறி வந்தால் சி.எஸ்.டி.யிலிருந்தோ மரைன் லைன்ஸிலிருந்தோ நடந்தே போய்விடலாம். செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் வரும் பையன்கள், மாலைக் காட்சிக்கு முன் காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் கடையில் கேசட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வரலாம். இசை, கடை, ரயில், மேடை எல்லாம் ஒரே வட்டாரத்தில். ஒரு கலை வேர் பிடிக்க இவ்வளவு போதும்.

அமைதி மண்டலம்

இன்று ரிதம் ஹவுஸ் இல்லை, 2016-ல் மூடிவிட்டார்கள். ரங் பவனில் முழக்கம் அதற்கும் வெகுமுன்பே, 2000-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. மத்திய அரசு 2000-ல் கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. ரங் பவனுக்கு ஒரு பக்கம் கல்லூரி. அருகிலேயே அரசு மருத்துவமனைகள். ராக் மட்டுமல்ல, அங்கே நடந்துவந்த மற்ற இசை நிகழ்ச்சிகளுக்கும் அதுவே முடிவாயிற்று.

விதியில் தவறில்லை. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கு அயோமியின் கதை தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தவறு, மூடிய அரங்கத்துக்கு மாற்றாக அதேபோன்ற ஒன்றை நகரம் கட்டாமல் விட்டதில்தான். அதே விதிகளில், பண்டிகை நாட்களில் ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு வரை ஒலிபெருக்கி வைக்க மாநில அரசு அனுமதிக்கலாம் என்று பின்னர் திருத்தம் வந்தது. ஊர்வலங்களுக்காகப் பேச ஆள் இருந்தார்கள். கிதார் பையன்களுக்காகப் பேச யாருமில்லை.

இண்டிபெண்டன்ஸ் ராக் அந்தேரிக்கு இடம் மாறியது. 2013-க்குப் பின் நின்றுபோய், 2022-ல் மஸ்காவ் பகுதியில் மீண்டும் ஒருமுறை உயிர்பெற்றது. ஜூஹூவின் 'ராஸ்பெரி ரைனோசரஸ்', லோயர் பரேலின் 'ப்ளூ ஃப்ராக்' என்று குழுக்களுக்கு இடம் கொடுத்த விடுதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

இத்தனைக்கும் நடுவில் மும்பை ஒரு புதிய மெட்டல் தலைமுறையை உருவாக்கியது வியப்புதான். சாஹில் மகிஜா 2000-ல் தொடங்கிய டெமானிக் ரெசரக்ஷன், 2010-ல் பிரிட்டனின் 'மெட்டல் ஹாமர்' பத்திரிகையின் விருதைப் பெற்றது. 2017-ல் 'தசாவதார்' என்ற தலைப்பில் விஷ்ணுவின் பத்து அவதாரங்களை முழு ஆல்பமாகக் கொடுத்தது. 2003-ல் பிறந்த 'பயானக் மௌத்' தன் பெயராலேயே பாதிப் பேரை விரட்டி, மீதிப் பேரைக் கட்டிப்போட்டது. ஆனால் இந்த இசையை மட்டும் நம்பி அடுப்பெரிவது கடினம். மகிஜாவைப் பரவலாக அறியச் செய்தது 'ஹெட்பேங்கர்ஸ் கிச்சன்' என்ற சமையல் நிகழ்ச்சி. இந்திய மெட்டலின் முன்னோடிகளில் ஒருவரை வாணலி ஏந்திய கையோடு லட்சக்கணக்கானோர் அறிவார்கள். கிதார் ஏந்திய கையோடு அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

பெங்களூரின் கதை சற்றே மேல். 1998-ல் தொடங்கிய கிரிப்டோஸ், ஐரோப்பியச் சுற்றுப்பயணங்கள் செய்து, 2013-ல் ஜெர்மனியின் வாக்கன் விழாவிலும் வாசித்தது. பெரியவர்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்ட உதாரணமும் உண்டு. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் முதல்முறையாக பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது அவர்களுக்கு முன் வாசித்தது டெல்லியின் பரிக்ரமா. அந்த அறிமுகம் அதே ஆண்டு இங்கிலாந்தின் டவுன்லோட் விழா மேடை வரை பரிக்ரமாவைக் கொண்டுபோயிற்று.

தமிழர்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ண வேண்டாம். ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு வருமுன் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவை அமைத்தவர். 2009-ல் ஸ்வீடன் நாட்டு மெட்டல் குழு ஓபெத், சென்னை ஐ.ஐ.டி.யின் திறந்தவெளி அரங்கில் வாசித்தது. எல்லாவற்றுக்கும் மேல் சிங்கப்பூரின் 'ருத்ரா' இருக்கிறது. 1992-ல் தொடங்கிய இந்தக் குழுவின் பாடகர் கதிரேசன் உள்ளிட்ட முக்கிய உறுப்பினர்கள் இந்திய வம்சாவளியினர். 1998-ல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 2022-ல் வந்த 'எய்ட் மகாவித்யாஸ்' வரை, உபநிடதச் சிந்தனையையும் சமஸ்கிருத வரிகளையும் இடிமுழக்கத்தோடு இணைத்திருக்கிறார்கள். அவர்களது இசைக்கு 'வேத மெட்டல்' என்றே பெயர் வந்துவிட்டது. முப்பது ஆண்டுகளைத் தாண்டிய இவர்களும் மூத்தவர்கள்தான். சாத்தானைப் பாடும் இசை என்று ஒரு காலத்தில் பழிக்கப்பட்ட ஒன்று, அத்வைதத்தைப் பாடவும் இடம் கொடுக்கிறது.

பெரிய மைதானம், சின்ன மேடை

இன்று மும்பையில் பெரிய நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. 2012-ல் கன்ஸ் அன் ரோஸஸ் வந்தபோது தொடக்க கால உறுப்பினர்களில் ஆக்ஸல் ரோஸ் மட்டுமே இருந்தார். 2025 மே 17 அன்று மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் ஸ்லாஷ், டஃப் மெக்கேகன் இருவரும் அவருடன் நின்றார்கள். அப்போது ரோஸுக்கு வயது 63. நெரூல் டி.ஒய். பாட்டீல் அரங்கில் யு2 (2019), கோல்ட்ப்ளே (2025) ஆகிய குழுக்களைப் பார்க்க நாடெங்கிலுமிருந்து வந்தார்கள். கோபர்கைரனேயிலிருந்து அந்த அரங்கம் சில ரயில் நிலையங்கள் தூரம்தான். டிக்கெட் கட்டணம்தான் எட்டாத தூரம். சில ஆயிரங்கள் கொடுத்து ஒருமுறை பார்க்கலாம். வாராவாரம் பார்த்து, அந்த உந்துதலில் தானும் ஒரு குழு தொடங்க முடியாது.

பெரிய மேடைகளை நடத்தத் திறன் வேண்டும் என்ற பாடமும் கிடைத்திருக்கிறது. 2011 அக்டோபர் 28 அன்று குர்காவ்னில் மெட்டாலிகா நிகழ்ச்சி ரத்தானபோது ஆத்திரமடைந்த ரசிகர்கள் மேடையைத் துவம்சம் செய்தார்கள். அமைப்பாளர்கள் சிலர் கைதானார்கள். இரண்டு நாள் கழித்து பெங்களூரில் அதே குழு அமைதியாக வாசித்துவிட்டுப் போனது. குறை ரசிகர்களின் ரத்தத்தில் இல்லை, ஏற்பாட்டில்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இப்போதைய நிகழ்ச்சிகளில் கண்ணில் படும் இன்னொரு காட்சி, நரைத்த தாடியும் வெளுத்த டி-ஷர்ட்டுமாக வரும் தந்தையர். பக்கத்தில் அதே குழுவின் புது டி-ஷர்ட்டோடு பிள்ளை. தாராவியிலும் செம்பூரிலும் வளர்ந்து, வீடு வாங்க நவிமும்பைக்கு நகர்ந்த தமிழ்க் குடும்பங்களும் இதில் அடக்கம். அப்பாவுக்கு ரங் பவன் இருந்தது. பிள்ளைக்குக் கைப்பேசி இருக்கிறது. கைப்பேசியில் உலகத்தின் எல்லா ஆல்பங்களும் கிடைக்கின்றன. ஆனால் முதல்முறை தப்பாக வாசித்து, நூறு பேரிடம் கேலி வாங்கி, மறுமுறை சரியாக வாசிக்கும் இடம் அதில் இல்லை.

மேடை என்றால் கோடிக்கணக்கில் செலவு என்று கைவிரிப்பவர்களுக்கு வாக்கன் ஒரு பதில். வட ஜெர்மனியில் சுமார் 2,000 பேர் வசிக்கும் கிராமம் அது. 1990-ல் கிராமத்து இளைஞர்கள் சிலர், தோண்டிவிட்டுப் போட்ட சரளைப் பள்ளம் ஒன்றில் ஆறு குழுக்களை வாசிக்கவைத்தார்கள். வந்தவர்கள் சுமார் 800 பேர். இன்று ஆண்டுதோறும் அந்தக் கிராமத்துக்கு 80,000-க்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். உலகெங்கும் உள்ள மெட்டல் குழுக்களுக்கு அது ஒரு புண்ணியத் தலம்.

கோபர்கைரனேக்குக் கிழக்கே, தொழிற்பேட்டையைத் தாண்டினால் பார்சிக் குன்றுகள். பல ஆண்டுகள் கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட குவாரிகள் அங்கே உண்டு. மூன்று பக்கமும் பாறைச் சுவர்; கூப்பிடு தூரத்தில் தொழிற்பேட்டைச் சாலை. மருத்துவமனையும் பள்ளியும் 100 மீட்டருக்குள் இல்லாத ஒரு பள்ளத்தைத் தேடிப்பிடித்து, பாறைகளைப் பத்திரப்படுத்தி, நாலு படிக்கட்டும் ஒரு மேடையும் மின் இணைப்பும் கொடுக்கத் திட்டமிட்ட நகரம் ஒன்றுக்கு முடியாதா என்ன? ராக் மட்டும் வேண்டாம். பான்ஜோ பார்ட்டியும் பறையாட்டமும் அங்கேயே ஒத்திகை பார்க்கட்டும்.

அயோமிக்கு விரல் போனபோது ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் ஒரு துண்டுத் தோலும் போதுமாக இருந்தன. கருவி எப்படியோ கிடைத்துவிடும். அதை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பதுதான் மும்பைப் பையனின் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது இசைக்கலைஞர்கள் அல்ல, நகரம்.